கடிதத்தின் மூலையில் கரி

மதுரைக்கு வருகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். பார்த்துவிட்டு, இது சரிந்தால் எதுவரை விழும் என்று கண்ணாலேயே அளந்து, தெருவின் அடுத்த கோடிக்குப் போய் நின்றுகொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பர்மாவில், பெகு நகரத்துப் பெரிய புத்தர் கோயிலான பகோடாவின் முடி சரிந்து கீழே வந்ததைப் பார்த்தவன் நான். அதுவும் தலைமுறை தலைமுறையாக அசையாமல் நின்றதுதான்.

நான் பர்மாவில் பிறந்தவன். பெகுவில் ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா. என் அப்பாவும் அம்மாவும் இங்கிருந்து கப்பலேறிப் போய் அங்கேயே கண்ணை மூடினார்கள். தாய்நாட்டில் எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாற்பது வயதுக்குமேல் முதல்முறையாக இந்தியாவில் கால் வைத்திருக்கிறேன், அதுவும் இன்னொருவனுக்காக.

அந்த இன்னொருவன் சோணை. எங்கள் மில்லில் மூட்டை தூக்கியவன். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர் அவனுக்கு. அடுத்தவர் வயலில் அறுத்துப் பிழைக்கிற குடும்பம். போன சித்திரையில் பூமி ஆடியபோது மில் சுவர் அவன்மேல் விழுந்து, வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். ரங்கூன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்னால், அவன் மனைவி ராக்குவுக்கு அவன் சொல்லச் சொல்ல நான்தான் கடிதம் எழுதினேன். உயிர் இருக்கிறது, கால் தேறாது என்கிறார்கள், இப்படியே வரலாமா, பதில் போடு என்று. பத்து மாதமாகப் பதில் இல்லை. இன்னொன்று எழுதலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் சோணை முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"ஒத்தக்காலனை வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு நெனச்சிருப்பா. அவ மேல தப்பில்லைண்ணே" என்பான். மில்லில் என்னை அய்யா என்று கூப்பிட்டவன், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் அண்ணே ஆக்கினான்.

மாசியில் எனக்கு விடுப்புக் கிடைத்தது. உன் ஊருக்குப் போய்வருகிறேன் என்றேன். மறுநாள் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து, "வரச் சொன்னா வாரேன். வேணாம்னா இங்கனயே கெடந்துட்டுப் போறேன். ரெண்டுல ஒண்ணு அவ வாயால கேட்டுட்டு வாங்கண்ணே" என்றான். அவ்வளவுதான் என் வேலை. சுலபமான வேலை என்றுதான் கிளம்பினேன்.

முதல் நாள் நேராக ராவுத்தர் கடைக்குப் போனேன். ராவுத்தர் பெகு பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவர். பஜார் எரிந்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பி, பழைய நகரத்துச் சந்து ஒன்றில் சின்னதாக மறுபடி கடை போட்டிருக்கிறார். அவர் வீட்டில் ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்தார்கள். பெகுவில் காலையில் மீன் குழம்பில் அரிசிச் சேவை மிதக்கிற மொஹிங்கா தின்று வளர்ந்த நாக்கு என்னுடையது. இருந்தாலும் அந்தப் பாயாவுக்கு என் சொத்தை எழுதி வைக்கலாம். நான் கேட்காமலே, எனக்குக் கட்டிலை வெட்டவெளி முற்றத்தில் போடச் சொன்னார். வீட்டுக்காரர்கள் பனி கொட்டுமே என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கூரைக்குக் கீழே தூங்கப் பயப்படுகிறவர்கள் நாங்கள் இருவரும்.

அவர் கடையில் கல்லாப் பக்கத்தில் ஒரு வெண்கலக் கிண்ணம், விளிம்பு தட்டத் தண்ணீரோடு. தாகம் என்று கேட்டாலும் அதைத் தரமாட்டார். துணியை அளந்துகொண்டே, விலை சொல்லிக்கொண்டே, பார்வை மட்டும் அந்தத் தண்ணீர் மேல். நானும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று தண்ணீரில் வளையம் வளையமாக நடுக்கம். அடுத்த கணம் நான் தெருவில் நிற்கிறேன், கையில் தேநீர்க் குவளையோடு. ராவுத்தர் கஜக்கோலோடு எனக்கு முன்னாலேயே நிற்கிறார். புடவை எடுக்க வந்த இரண்டு பெண்கள் கடைக்குள்ளிருந்து எங்களை வேடிக்கை பார்க்கிறார்கள். எதிர்க் கடைப் பாத்திரக்காரர் தலையைத் தூக்காமல், "பாய்க்குக் கூட்ஸ் வண்டி வந்துருச்சு. இன்னைக்கு ஒருத்தருக்கு ரெண்டு பேரா ஓடுறாக" என்றார். பின்பக்கம் கூட்ஸ் ரயில் போகும்போதெல்லாம், தினமும் நடப்பதாம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தண்ணீர் அடங்கிவிட்டதா என்று வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தேன்.

உள்ளே வந்ததும் ராவுத்தர் தாமாகவே பேச ஆரம்பித்தார். இந்தப் பத்து மாதத்தில் அவர் வீட்டாரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லையாம்.

"ஒரு சேலையை விரிச்சுக் காட்டிட்டு மடிச்சிக்கிட்டு இருக்கேன். எங்கிருந்தோ ஒரு சத்தம், நூறு மாட்டுவண்டி மரப்பாலத்துல ஒண்ணா ஏறுன மாதிரி. அப்புறம் தரை, இந்தத் துணியை உதறுனா அலை ஓடும் பாருங்க, அப்புடி ஓடுச்சு அண்ணே. கடைக்கு அந்தப் பக்கத்துலருந்து எங்கிட்ட வருது, நான் கண்ணால பாக்குறேன். அல்லாவே, எங்களை உதறி மடிக்கப் போறியான்னுதான் நெனச்சேன்." கொஞ்சநேரம் கஜக்கோலைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் வெளிய விழுந்துட்டேன். மச்சான், துணியை எடுத்துட்டு வாரேன்னு உள்ள போனான். அந்நேரம் விளக்கெல்லாம் சாஞ்சு தீப்பிடிச்சிருச்சு. துணிக்கடையில தீ எம்புட்டு நேரம் பொறுக்கும், சொல்லுங்க."

இருவரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, சோணை விஷயமாக வந்ததைச் சொன்னேன்.

"எந்தச் சோணை?"

"மூட்டை தூக்குற சோணைதான். ஒத்தக்கடைக்காரன்."

ராவுத்தர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவன் கருமாதிக்கு நானே போய்ட்டு வந்தேனே அண்ணே."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். ஊர் திரும்பிய கையோடு, ஒரே மண்ணில் பிழைத்தவர்கள் ஆயிற்றே என்று சோணையின் வீட்டைத் தேடிப் போய், மில் விழுந்துவிட்டது, ஆளைப் பற்றித் தகவல் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் பர்மாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, மூலையில் கறுப்புத் தடவி.

"கறுப்புத் தடவினால் என்ன?" என்றேன்.

"என்ன அண்ணே இப்புடிக் கேக்குறீக? சாவுக் கடுதாசிக்குத்தானே மூலையில கறுப்பு வைப்பாக. இங்க பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதை வீட்டுக்குள்ள கொண்டு போக மாட்டாக. வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டுத் தலை முழுகிருவாக."

எனக்குக் கல்யாணக் கடிதத்தின் மஞ்சள் தெரியும். கறுப்புத் தெரியாது. எங்கள் வீட்டுச் சாவுகளெல்லாம் கண்ணெதிரே நடந்தவை. எதுவும் தபாலில் வரவில்லை. கடிதம் எழுதிய அன்று மில்லே சாம்பல்மேடு. மைக்கூடும் இல்லை, முத்திரை மையும் இல்லை. கிடைத்த பென்சிலில் எழுதினேன். காகிதம் வீணாகக் கூடாது என்று அடிவரை நெருக்கி எழுதுவது என் பழக்கம், சனியன் பிடித்த பழக்கம். எழுதி முடித்ததும் சோணை, "என் கைதான்னு அவளுக்குத் தெரியணும்ல" என்றான். எரிந்த தூணில் அவன் பெருவிரலைத் தேய்த்து, இடமிருந்த ஒரே மூலையில் அழுத்தச் சொன்னவன் நான்தான்.

உயிரோடிருக்கிறேன் என்று அவன் வைத்த ரேகையை வைத்து, இங்கே அவனைக் கொன்றுவிட்டார்கள். கொன்றது நான்.

"ராக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"தாலியை வாங்கிட்டாக. சின்ன வயசு, பிள்ளை குட்டியும் இல்லை. அறுத்துக் கட்டுற வழக்கம் உள்ளவுகதான். மாமன் மகனுக்குப் பேசியிருக்காக. மாசியில வைக்கிறதாத்தான் கேள்வி."

நடந்துகொண்டிருந்தது மாசி. அன்று அதற்குமேல் பாயா வைத்தாலும் எனக்கு இறங்கியிருக்காது. துணைக்கு வரச் சொன்னேன். ராவுத்தர் தலையாட்டி மறுத்தார். "மில்லு விழுந்துச்சுன்னு போய்ச் சொன்ன வாய் இது. நீங்களே போங்க. போய் நல்லதைச் சொல்லுங்க."

இரண்டாம் நாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வைகைப் பாலத்தைத் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டேன். பாலம் என்றாலே எனக்கு ஆகாது. கீழே ஆறு என்று பெயர், மணலில் இரண்டு மூன்று சால் தண்ணீர் ஓடியது. எங்கள் பெகு ஆறு இதைப் பார்த்தால் சிரிக்கும். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் முனகி, உறுமி, மூக்கிலிருந்து ஆவி விட்டு நின்றுவிட்டது. எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமாம். கண்டக்டர் வாளியோடு கிணறு தேடிப் போனவர் போனவர்தான். என் பக்கத்தில் கூடையில் கோழியோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "வண்டிக்கும் தாகம், கோழிக்கும் தாகம், எதுக்கு மொதல்ல ஊத்த" என்று பஸ்ஸைச் சிரிக்கவைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நேரத்தில் அங்கே தாலி கட்டிக்கொண்டிருந்தால்? இறங்கித் தள்ளினேன். நான் ஒருவன் தள்ளி பஸ் நகராது என்று டிரைவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

ஒத்தக்கடையில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இறங்கித் திரும்பினால் யானைமலை. படுத்திருக்கிற யானை என்பார்கள், அப்படியேதான் இருக்கிறது. மரமில்லை, மண்ணில்லை, மைல் கணக்கில் ஒரே பாறை. சுற்றிலும் தட்டையான வயல். பத்து மாதத்துக்கு முன்னால் என்றால், ஆகா, இதுவல்லவா அசையாத பொருள் என்றிருப்பேன். இப்போது அண்ணாந்து நின்று, தாயே, நீ அப்படியே படுத்திரு என்று கும்பிட்டுக்கொண்டேன்.

சோணையின் ஊரில் கதிரடிப்பு நடந்துகொண்டிருந்தது. கல்யாணச் சுவடு எதுவும் இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது. களத்துமேட்டில் ஆண்கள் கதிர் அடிக்க, பெண்கள் வரிசையாகச் சொளகால் தூற்றிக்கொண்டிருந்தார்கள். சோணையின் அப்பா மாயாண்டி யார் என்று கேட்டதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். பெகு மில்லிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் முகம் இறுகியது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் துக்கம் கேட்க வந்திருப்பதாக நினைத்துவிட்டார்.

வைக்கோலை விரித்து உட்காரவைத்தார்கள். கேப்பைக்கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தார்கள். பசி வேறு, பயம் வேறு. இரண்டும் சேர்ந்து மடக்கு மடக்காகக் குடித்தேன். அடிக்கிறவர்களும் தூற்றுகிறவர்களும் கையை நிறுத்திவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நெலம் ஆடுச்சுங்கிறாக. அது எப்புடிய்யா?" என்றார் மாயாண்டி. அவர் யானைமலையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அதைக் கேட்டார்.

கோழை நான். சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட இதுதான் சாக்கு என்று ஆரம்பித்தேன். சாப்பிட உட்கார்ந்திருந்தேன், தட்டு என்னைவிட்டு நகர்ந்து போயிற்று. எழுந்தால் நிற்க முடியவில்லை. தவழ்ந்து வாசலுக்கு வந்தேன். பகோடா மணிகளெல்லாம் அடிப்பார் இல்லாமல் அடித்தன. தென்னை இரண்டு பக்கமும் தரையைத் தொடுவதுபோல வளைந்து வளைந்து நிமிர்ந்தது. பிறகு எல்லாம் நின்று ஒரு நிசப்தம். அதில் நாய்கூடக் குரைக்கவில்லை.

அவர்கள் மணியைப் பற்றியும் பகோடாவைப் பற்றியும் கேட்கவில்லை. ஒருவர், "வயக்காடு ஆடுனா வரப்பு நிக்குமாய்யா?" என்றார். இன்னொருவர், "கெணத்துத் தண்ணி?" என்றார். கிணறு ஒன்று மணலால் நிறைந்து மேடாகிப் போனதையும், காய்ந்து கிடந்த வயலில் பொத்தல் பொத்தலாகத் தண்ணீர் பீய்ச்சி மணலைக் கக்கியதையும் சொன்னேன். வாயில் கைவைத்துக் கேட்டார்கள். "நெலத்துக்கு உள்ள அம்புட்டு உசுரு இருக்கு. நாம மேல ஒழுதுக்கிட்டுத் திரியுறோம்" என்று ஒரு பெண் மெல்லச் சொன்னாள். குனிந்து காலடி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து, கையில் சொளகு. இவள்தான் ராக்கு என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துபோயிற்று.

மாயாண்டி தொண்டையைச் செருமினார். "எம்மவன் எங்கன விழுந்தான்? அதைச் சொல்லுங்க. கேட்டுக்கிர்றோம்."

"மில்லுக்குள்ளே நின்றிருந்தான்" என்றேன். சோணை எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். செங்கல் சுவர் சரிந்து காலில் விழுந்தது. குப்புறக் கிடந்தான். கையைப் பரப்பித் தரையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த தரையே கைக்குள் துடித்தது, வெட்டுப்பட்ட ஆட்டைப் பிடித்த மாதிரி. கூப்பிட்டுப் பார்த்தான், யாரும் வரவில்லை. பஜார் எரிகிற வெளிச்சம் நெருங்கிக்கொண்டே வந்தது. அந்நேரம் நிலம் இரண்டாம் தடவை ஆடியது. அந்த ஆட்டத்தில் சுவர் ஒரு பக்கமாக எழும்பிக் கொடுத்தது. காலை உருவினான்.



"உருவினானா?" என்றார் மாயாண்டி.

"உருவினான். கால் போச்சு, ஆள் வெளியே தவழ்ந்து வந்துட்டான். 'பொதைச்சதும் அதுதான், தோண்டி விட்டதும் அதுதான்'னு எங்கிட்டச் சொன்னான்."

"எப்பய்யா சொன்னான்?"

"எத்தனையோ தடவை. போன மாசம்கூடச் சொன்னான்."

கரி வைத்த கதையையும் சொல்லி, வைக்கச் சொன்னவன் நான்தான் என்று எல்லார் முன்னாலும் கும்பிட்டேன். அடிப்பார்களோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மாயாண்டி வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாந்தேன் கிழிச்சேன். ஒரு வரி படிக்கச் சொல்லிக் கேக்காமக் கிழிச்சேன்" என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராக்கு சொளகைக் கீழே வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு காகிதத் துண்டு வந்தது. கிழித்தெறிந்ததில் அந்த மூலையை மட்டும் அவள் பொறுக்கி வைத்திருக்கிறாள். கரி இன்னும் அழியவில்லை. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

"அருவா வெட்டு. எனக்கு அன்னைக்கே தெரியும், அவுக வெரலுதான்னு" என்றாள். "பொணத்துக் கையைப் பிடிச்சு வச்சு அனுப்பியிருக்காகன்னு நெனச்சேன்ண்ணே. கடைசியாத் தொட்டதாச்சேன்னு வச்சிருந்தேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. எனக்கும்தான். களத்தில் யார் அழவில்லை என்று எண்ணிவிடலாம்.

முதலில் தெளிந்தவளும் அவள்தான். "காலு எதுவரைக்கும் போச்சு?"

"முழங்கால்வரை. நீ வேண்டாம்னு நெனச்சிட்டேன்னு இருக்கான்."

"கூறு கெட்ட மனுசன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கயிறு திரிக்கக் கை போதும். வரச் சொல்லுங்க."

பிறகுதான் ஊர்ப்பேச்சு கிளம்பியது. கருமாதி முடிந்தவன் எப்படி வீட்டு வாசலில் கால் வைப்பது என்றார் ஒருவர். செத்துட்டான்னு பேரெடுத்தவனுக்கு ஆயுசு கெட்டி என்றாள் ஒருத்தி. மாயாண்டி, "பொறந்த பிள்ளைக்குச் செய்யிற மாதிரி எல்லாம் திரும்பச் செஞ்சு, பேரு வச்சுக் கூப்புடுவோம்" என்று முடித்தார். நான் பையிலிருந்து காகிதமும் பேனாவும் எடுத்தேன். கூட்டத்திலிருந்து ஒருவர் ஓடிப்போய் எழுதுவதற்குப் பலகை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் ராக்குவுக்குப் பேசி வைத்திருந்த மாமன் மகன் என்று பிறகு சொன்னார்கள். வருஷம் திரும்பட்டும் என்று அவள் கேட்டதால் அவரும் பொறுத்திருந்தாராம்.

ராக்கு சொல்லச் சொல்ல எழுதினேன். இந்தமுறை மூலையை மட்டுமல்ல, கால் பக்கத்தையே காலியாக விட்டேன். அவள் மஞ்சள் உரசி எடுத்துவந்தாள். "தாலி அறுத்தவ மஞ்சளைத் தொடலாமா" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"அறுக்கச் சொன்னதும் நாந்தேன். இப்பத் தொடச் சொல்றதும் நாந்தேன்" என்றார் மாயாண்டி.

பெருவிரலை மஞ்சளில் தோய்த்து, மூலையில் நிதானமாக அழுத்தினாள். காயும்வரை ஊதிக்கொண்டேயிருந்தாள்.

மூன்றாம் நாள் ராவுத்தர் கடையில் காகிதத்தைக் காட்டினேன். தொடவில்லை, தூரத்திலிருந்தே பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்போது ஏதோ ஒரு ரயில் போய்க் கிண்ணத்தில் தண்ணீர் நடுங்கியது. இரண்டு பேரும் அந்த ஒருதடவை எழுந்து ஓடவில்லை.

நான் திரும்பிப் போனபோது சோணை மில் வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டான். எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். நான் கடிதத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்தேன்.

மஞ்சளைப் பார்த்தான். தன் பெருவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தான். அவள் ரேகை முழுக்க அதற்குள் அடங்கிவிட்டது.

"படிக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்ண்ணே. அடுத்த கப்பல் எப்ப?" என்றான்.

முன்னும் பின்னும் நெருக்கி எழுதியிருந்தேன். அதை இன்றுவரை யாரும் படிக்கவில்லை.